பெயர் போடாத செய்தி

2024 ஒக்டோபர் 14, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரும் நேரம் என்பதால் முதலில் தொட்டியை நிரப்பினேன். தேநீர் குடித்துவிட்டு, அன்று அழைக்கப்படவிருந்த வழக்குகளின் கோவைகளை வரிசைப்படி அடுக்கினேன். வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போதவில்லை. ஏழே முக்காலுக்கு வீட்டைப் பூட்டி, இறக்கத்தால் நடந்து பதுளை நகருக்குள் வந்தேன். மழை இல்லை. முற்பகலில் இரண்டு வழக்குகள் வேறு நாளுக்குத் தவணை போயின, ஒன்று சமாதானமாக முடிந்தது.

இவ்வளவும் நாட்குறிப்பில் இருக்கின்றன. அன்று மாலை வழமைபோல் எழுத உட்கார்ந்தபோது, மத்தியானத்துக்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவதென்று தெரியாமல் பக்கத்தின் பாதியை வெறுமையாக விட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் சட்டத்தரணிகள் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு செய்திமடல் வெளியிடுகிறது. சிங்களமும் ஆங்கிலமும் போக, கடைசி இரண்டு பக்கங்கள் தமிழுக்கு. அந்த இரண்டு பக்கங்களும் பல வருடங்களாக என் பொறுப்பு. புதிதாகச் சத்தியப்பிரமாணம் செய்தவர்கள், இடமாற்றம் பெற்றுப் போகும் நீதவான்கள், காலமானவர்கள், கிரிக்கெட் போட்டியில் யார் யாரிடம் தோற்றார்கள் என்பவைதான் செய்திகள். படங்களின் கீழே பெயர்கள் மூப்பு வரிசையில் இருக்கவேண்டும். ஒருமுறை அது பிழைத்துப்போய், மூத்த சட்டத்தரணி ஒருவர் என்னோடு நெடுநாள் பேசாமல் இருந்தார். அதிலிருந்து அச்சுப்படியை மூன்று தடவை பார்த்துத்தான் அனுப்புவேன்.

ஆனால் படங்களைத் தவிர வேறெதையும் யாராவது வாசிக்கிறார்களா என்பது எனக்கு நீண்டநாள் சந்தேகம். தமிழ்ப் பக்கத்தில் ஒரு பந்தியைத் தலைகீழாக அச்சிட்டாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று சங்கக் கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கடைசி இதழுக்கு, பசறையில் சங்கம் நடத்தும் இலவச சட்ட ஆலோசனை நிலையத்தைப் பற்றி ஒரு குறிப்பு வந்தது. அதைக் கவனிக்கும் சட்டத்தரணி எழுதியிருந்தார். என்னைவிட மிகவும் இளையவர், தேயிலைத் தோட்டத்து லய வீடொன்றில் பிறந்து வளர்ந்தவர். தான் வளர்த்த மகளைச் சட்டப்படி தத்தெடுக்க ஒரு தாய்க்கு உதவினோம் என்று ஒரே வரியில் முடித்திருந்தார். அவரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

“என்ன தம்பி, ஒரு வரியில முடிச்சுப்போட்டீர்? இதை ஆர் வாசிப்பினம்? அந்த மனிசிக்கு என்ன வேலை, எங்க இருக்கிறா, பிள்ளை எப்பிடி வந்தது? சொல்லும்.”

“ஒரு தாய்னு போட்டா போதும் மேடம். அது அடைச்ச ரூம்ல எடுத்த கேஸு.”

“பேர் போடமாட்டன். அது எனக்குத் தெரியாதே?”

“பேரு மட்டுமில்ல மேடம்…” என்று இழுத்தார். பிறகு சொன்னார். மூத்தவள் கேட்கும்போது மறுக்க அவரால் முடியாது. அது தெரிந்துதான் கேட்டேன். நீதிமன்றக் கட்டளையின் பிரதியையும் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன், விவரம் பிழைத்துவிடக் கூடாது என்று.

நான் எழுதியது இப்படி வந்தது. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேல் பிரிவில், கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக வேலை செய்கிறார் ஒரு தாய். பிரசவத்தில் இறந்த தங்கையின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கணவருடன் அப்புத்தளைப் பக்கமிருந்து இங்கே குடிவந்து, தன் குழந்தையாகவே வளர்த்தார். பாடசாலையில் பிறப்புச் சான்றிதழைக் கேட்டபோதுதான் அவருக்குச் சட்டத்தின் உதவி தேவைப்பட்டது. தாயின் பெயர் இல்லை, பிள்ளையின் பெயர் இல்லை, தோட்டத்தின் பெயரும் இல்லை. அந்தப் பக்கங்களில் நான் எழுதியவற்றுள் இதுவே நல்லது என்று நினைத்தேன். என் கணவருக்கு வாசித்தும் காட்டினேன்.

அந்தத் திங்கட்கிழமை, மதிய இடைவேளையில், அதே இளைய சட்டத்தரணி பதிவாளர் அலுவலகப் படிக்கட்டடியில் என்னைக் கூப்பிட்டார்.

“மேடம், ஒரு நிமிஷம் வாங்க.”

அவருடைய தொலைபேசியில் என் பக்கத்தின் படம் இருந்தது. செய்தியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, ‘நம்ம தோட்டம் பேப்பர்ல வந்திருக்கு’ என்று எழுதி, கைதட்டும் படங்கள் வரிசையாக. தோட்டத்தின் நலன்புரி உத்தியோகத்தர், சங்கத்தில் யாரோ கொடுத்த பிரதியைப் பார்த்துப் பெருமைப்பட்டு, சனிக்கிழமை மேல் பிரிவு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்.

“தோட்டத்தின்ர பேர் நான் போடேல்லையே?”

“பேரு எதுக்கு மேடம்? அப்புத்தளையிலருந்து வந்த ஆயான்னா அந்தப் பக்கம் ஒருத்தங்கதான். ஒரு பிரிவுக்கு ஒரு பிள்ளைக் காம்பரா, ஒரு ஆயா. அவங்கள அங்க பேரு சொல்லிக் கூப்புடவே ஆள் கெடையாது. பேரு போட்டிருந்தாக்கூட நாலு பேருக்குத்தான் வெளங்கியிருக்கும்.”

நீதிமன்றத்தில் ஒருவர் என்றால் பெயர், தகப்பன் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம். அவற்றை எடுத்துவிட்டால் ஆளையே எடுத்துவிட்டதாக நினைத்திருந்தேன். தோட்டங்களிலிருந்து வந்த எத்தனையோ பேருக்காக எழுந்து நின்று பேசியிருக்கிறேன். அவர்களை லயத்தில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“பிள்ளைக்குத் தெரியுமே?”

“தெரியாது மேடம். தெரியக்கூடாதுன்னுதான் அந்தத் தோட்டத்தவே விட்டு வந்தாங்க. பெரியவளானதும் சொல்றதா இருந்தாங்க. இன்னிக்கு ஸ்கூலுக்கு அனுப்பல. பஸ் ஏறிட்டாங்க, இங்கதான் வர்றாங்க.”

பிள்ளையின் நன்மைக்காக நீதிபதி கதவை அடைத்துக் கேட்ட வழக்கு அது. அந்தக் கதவைத் திறந்துவிட்டவள் நான்.

மூன்று மணியளவில் தாயும் மகளும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள்; இளைய சட்டத்தரணி ஏற்கனவே என்னோடு இருந்தார். தாய்க்கு நாற்பது வயதிருக்கும். மகளுக்கு எட்டு வயது, இரட்டைப் பின்னல். பிள்ளையை முன்னறையில் இருத்தி, கையில் மீன் வைத்த மாலுபாண் ஒன்றைக் கொடுத்துவிட்டு, தாய் மட்டும் உள்ளே வந்தார். கதவைத் தானே சாத்தினார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“நீங்கதானா மிஸ் எழுதுனது?”

“அது சங்கத்துல நடந்த தவறுங்கக்கா…” என்று இளைய சட்டத்தரணி தொடங்கினார்.

“ஓம், நான்தான்,” என்றேன். “இவர் ஒரு வரிதான் எழுதித் தந்தவர். மிச்சமெல்லாம் நான் கேட்டு வாங்கிப் போட்டது.”

தாய் என் பக்கம் திரும்பினார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. எங்க வீட்டுக்காரரு ரெண்டு தடவ படிச்சிட்டு அழுதாரு. அப்புறம்தான் வெளங்குச்சி, இதத்தான் எல்லா வீட்டுலயும் படிச்சிருப்பாங்கன்னு.”

என் பக்கத்தைப் பற்றி ஒருவர் நேரில் சொன்ன முதல் பாராட்டு அது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மேசையிலிருந்த வெள்ளைத் தாளை இழுத்தேன்.

“அடுத்த இதழில ஒரு திருத்தம் போடலாம். நான் இப்பவே…”

“மறுபடியும் எழுதப்போறீங்களா?” குரல் உயர்ந்துவிட்டது. கதவைத் திரும்பிப் பார்த்துத் தணித்துக்கொண்டார். “என்னத்தத் திருத்துவீங்க? பொய்யா எழுதியிருக்கீங்க? எல்லாம் உண்மதானே?”

எல்லாம் உண்மைதான். மூன்று தடவை சரிபார்த்திருந்தேன். பேனாவை மூடினேன்.

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“அத அப்புறம் பாப்போம் மிஸ். இப்ப எனக்கு ஒரு வேல ஆகணும். வேற யாரும் சொல்றதுக்குள்ள, இன்னிக்கு ராவு நாங்க ரெண்டு பேரும் அவகிட்ட சொல்லிர்றோம். நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பியாகணும், வீட்டுல வச்சிருந்தா இன்னும்தான் பேசுவாங்க. நீங்க வந்து ஸ்கூல் பெரிய சேருக்கிட்ட சொல்லுங்க. கிளாஸ்ல ஒரு புள்ள வாயத் தொறக்கக் கூடாது.”

மறுநாள் நீதிமன்றத்தில் எனக்கு ஒரு வழக்கு விளக்கம் இருந்தது. அதனால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, “தம்பி வரலாம்தானே? அவருக்கு அந்தப் பக்கம் பழக்கம்,” என்றேன்.

“சேர் வேணாம். சேர் எங்காளு. பெரிய சேரு அவர ஒக்கார வச்சு, டீய குடுத்து, நல்லாருக்கியாப்பான்னு கேட்டு அனுப்பிருவாரு. நீங்க கறுப்புக் கோட்டப் போட்டுக்கிட்டு வாங்க.”

“பாத்தீங்களா மேடம் என் மரியாதைய,” என்றார் இளைய சட்டத்தரணி. அவர் முகத்தைப் பார்த்துத் தாய்க்கே சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டார்.

“வாறன்,” என்றேன்.

கதவைத் திறந்தபோது மகள் என் புத்தக அலுமாரியின் முன்னால் நின்றாள். மாலுபாண் எண்ணெய்க் கையைப் பின்னால் கட்டியிருந்தாள், புத்தகத்தில் பட்டுவிடாமல்.

“இவ்வளவு புக்கும் நீங்க படிச்சிட்டீங்களா மிஸ்?”

“இல்லைப் பிள்ளை. பாதிகூட இல்லை.”

“அப்ப எதுக்கு வாங்குனீங்க?”

“வாய மூடு,” என்று தாய் அவளுடைய பின்னலைப் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பிள்ளையைப் பற்றி அவளுக்கே தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அதை அச்சிலும் ஏற்றியிருந்தேன். அவர்கள் படியிறங்கித் தெருவைக் கடக்கும்வரை யன்னலடியில் நின்றேன்.

மாலையில் இளைய சட்டத்தரணி பேசி, குழுவிலிருந்து படத்தை எடுக்கவைத்தார். பார்த்தவர்கள் பார்த்ததுதான். நலன்புரி உத்தியோகத்தர் அதிர்ந்துபோனாராம். அந்தப் பிள்ளையின் கதை தனக்கும் அதுவரை தெரியாது, தோட்டத்தின் நல்ல பெயரை மட்டும்தான் பார்த்தேன் என்றாராம். நானும் என் பக்கத்தின் நல்ல பெயரைத்தான் பார்த்தேன். மறுநாள் விளக்கத்தில் எனக்காக எழுந்து தவணை கேட்கும்படி நண்பர் ஒருவரிடம் சொல்லி வைத்தேன். பிறகு செய்திமடலை எடுத்து அந்தச் செய்தியை இன்னொருமுறை வாசித்தேன். இரண்டாம் வாக்கியத்தில் ஒரு சொல்லை முன்னுக்குக் கொண்டுவந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது தெரிந்ததும் மடலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலை, நான் படுக்கையை விட்டு எழ முன்னரே தொலைபேசி அடித்தது.

“சொல்லிட்டோம் மிஸ்.” தாயின் குரல் கரகரத்திருந்தது. “எல்லாம் கேட்டுக்கிட்டா. அப்புறம் சாப்புட்டா. அப்புறம் ஒண்ணு கேட்டா, எங்களுக்குப் பதில் தெரியல. கோர்ட்டுல கேட்டாத்தான் தெரியும்னு இவரு சொல்லிட்டாரு. முழிச்சதுலருந்து கேளு கேளுன்னு நிக்கிறா. இந்தாங்க.”

பிறகு பிள்ளை பேசினாள்.

“மிஸ், எனக்கு இப்ப வேற பேரு வச்சிருவாங்களா?”

பதில் எனக்குத் தெரியும். ஆனாலும், கொஞ்சம் பொறு என்று சொல்லி, விளக்கைப் போட்டு, கட்டளையின் பிரதியை எடுத்துப் பார்த்தேன்.

“இல்லைப் பிள்ளை. உங்கட பேர் அதேதான். நீதிபதி அப்பிடித்தான் எழுதியிருக்கிறார். நான் பார்த்துத்தான் சொல்லுறன்.”

“அம்மா பேரு?”

“அம்மான்ர பேரும் சரியா இருக்கு.”

“எந்த அம்மா?”

“இப்ப உங்களிட்ட ஃபோன் தந்த அம்மா.”

தொலைபேசி கைமாறும் சத்தம் கேட்டது. தூரத்தில், “அதேதானாம்,” என்று யாரிடமோ சொன்னாள், அப்பாவிடமாக இருக்கவேண்டும்.

“ஏழரைக்கு மணி அடிச்சிருவாங்க மிஸ்,” என்றார் தாய். “மொத பஸ்ஸப் புடிங்க.”

எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, கோட்டைத் தேடி எடுத்தேன்.