படத்தில் இருப்பவளின் பேர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு, தங்கச்சி விட்டுப்போனது ஒன்று. ஐந்தையும் மீன் விற்றே வளர்த்தேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் என் பேரை எங்கே எழுதியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

போன மாசம் பேத்தி வேலைவிட்டு வந்ததும் வராததுமாய், "ஆயா, மயிலாப்பூர்ல ஒரு படக் கண்காட்சி. உன் மூஞ்சிய அங்க மாட்டி வச்சிகீறாங்க" என்றாள்.

"செத்தவங்களத்தானடி மாட்டுவாங்க?"

மறுநாள் கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு அவளோடு போனேன்.

நானேதான். கொல்லைப்படியில் குந்தி வஞ்சிரம் வெட்டுகிறேன், முப்பது வயசில். கீழே இருந்த அட்டையைப் பேத்தி படித்தாள்: "மீன்காரி. வரைந்தவர் தெரியவில்லை."

அங்கே பொறுப்பாக இருந்த பையன் வந்தான். படம் பழைய சாமான் கடையில் கிடைத்ததாம். வரைந்தவரை ரொம்ப நாளாய்த் தேடுகிறானாம். அதில் இருப்பது நான்தான் என்றதும் தயங்கினான்.

"காதப் பாரு நைனா" என்று திருப்பிக் காட்டினேன். பெரியவன் கைக்குழந்தையாய் இருந்தப்போ கம்மலை இழுத்துக் கிழித்த காது. படத்திலும் கிழிந்துதான் இருந்தது.

"யாரும்மா வரைஞ்சது?"

எனக்குத் தெரியும். ராஜா அண்ணாமலைபுரத்தில் நான் மீன் கொடுத்த வீட்டு மருமகள். இன்று அந்த வீடும் இல்லை, அவளும் இல்லை. மீன்காரி வந்தாச்சு, மீன்காரிக்குத் தண்ணி குடு என்பார்கள் அங்கே. அவள் மட்டும் முதல் நாளே, "உங்க பேர் என்னக்கா?" என்று கேட்டாள். மாமியார் சாமி கும்பிடும் நேரம் பார்த்து என்னை வரைவாள். காதைச் சரிபண்ணிப் போடேன் என்றேன். "உங்க காது அதுதானேக்கா" என்றாள். தன் பேரை மட்டும் போடவில்லை. மாமியாரிடம் பயம்.

"சொல்றேன். என் பேரையும் எழுதுவியா?"

"வரைஞ்சவங்க பேர்தாம்மா போடுறது வழக்கம்."

"அப்ப தெரியலன்னே இருக்கட்டும்."

பேத்தி கையை இழுத்தாள். "ஆயா, பாவம் வரைஞ்சவங்க. நீ சொல்லலன்னா வேற யாரு சொல்லப்போறாங்க?"

"அவங்கதான்டி என் பேர கேட்டவங்க. பேர் இருக்கிறவளத்தான் வரைஞ்சாங்க. மீன்காரின்னு போட்டுட்டுப் பக்கத்துல அவங்க பேர எழுதினா, அது அவங்க வரைஞ்ச படமே இல்ல."

சொல்லிவிட்டு அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கால் வலியெல்லாம் இல்லை. எழுந்திருக்க இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

பையன் உள்ளே போய் யாரிடமோ போனில் பேசினான். திரும்பி வரும்போது புது அட்டையும் பேனாவும் கையில் இருந்தன. முதலில் என் பேரைச் சொன்னேன், பிறகு அவள் பேரை.

எழுதிக் காட்டினான். என் பேர் சரியாக இருந்தது. அவள் பேர் நீளம், எனக்குக் கூட்டிப் படிக்க வரவில்லை. தப்பாகிவிடக்கூடாது. அட்டையைப் பேத்தியிடம் நீட்டினேன்.

"சத்தமா படிடி. ரெண்டு பேரையும்."