கரையில் நின்று கையை ஆட்டக் கூடாது

எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒட்டி ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்று எங்களுடையது. இங்கே நான் "உப்பு தீந்துபோச்சு" என்று சொன்னால், கடைசி வீட்டுக்காரி கிண்ணத்தில் உப்போடு வந்து நிற்பாள். நல்லவள்தான். ஆனால் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை வந்து, நடுவில் நான் எதையாவது சொல்ல மறந்துவிட்டால் அதையும் எடுத்துக்கொடுப்பாள்.

எல்லாம் நான் போடுகிற சத்தத்தால் வந்தது. சத்தம் போடாவிட்டால் அவருக்குக் கேட்காது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக உருட்டுகிற ஆலையில் அவருக்கு வேலை, கல்யாணத்துக்கு முன்பிருந்தே. கம்பி ஓடுகிற சத்தத்தில் அங்கே பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அதனால் எல்லாமே கைஜாடைதான். காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுத்திருக்கிறார்கள். இவர் அதைச் சட்டைப் பையில் வைத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார். காதை விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்தாலும் அதே ஜாடைதான். குழம்பு இன்னும் வேண்டுமென்றால் ஆள்காட்டி விரலைக் கீழே காட்டி ஒரு சுற்றுச் சுற்றுவார். கிரேனில் கொக்கியை இறக்கச் சொல்கிற ஜாடை அது. போதும் என்றால் உள்ளங்கையை விரித்துக் குறுக்கே ஒரு வெட்டு. "நான் இன்னா கிரேனாய்யா?" என்று கத்துவேன். கடைசி வீட்டில் சிரிப்பார்கள்.

நான் நாள் முழுக்கப் பேசுகிறவள். நான் வேலை பார்க்கும் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் என் மேஜைக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்று சூப்பர்வைசர் தலையைச் சொறிவார். அப்படிப்பட்டவளுக்கு வீட்டில் பேச்சே சுருங்கிப்போனது. கத்திப் பேசும்போது சின்ன விஷயங்களைச் சொல்ல முடிவதில்லை. ரயிலில் ஒரு குழந்தை என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது என்பதைத் தொண்டை கிழியச் சொன்னால் அது போலீஸ் புகார் மாதிரி ஆகிவிடுகிறது. ஹாஸ்டலில் இருந்து மகள் போன் பண்ணினால் இவர் வாங்கி, "ஆங், ஆங், துன்னியா?" என்று கேட்டுவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவார். அவள் என்ன சொன்னாள் என்று அவருக்குத் தெரியாது. மானம் போகிறதே என்று கேட்கவும் மாட்டார்.

ஆலையில் நடக்கும் மருத்துவச் சோதனையில் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார், சுற்றிலும் இரைச்சல் இருந்தால்தான் பேச்சு பிடிபடவில்லை, காதுக்கு மிஷின் வைக்கலாம், நல்ல பலன் இருக்கும் என்று. "எனக்கு இன்னா வயசாயிடுச்சா? செவுடன்னு ஷிஃப்ட்டுல பேர் வைக்கவா?" என்று குதித்தார். நானும் கத்திப் பார்த்தேன், அழுது பார்த்தேன், ஒரு வாரம் பேசாமல் இருந்தும் பார்த்தேன். அந்தக் கடைசி வித்தைதான் மகா மோசம். நான் பேசவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை.

எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. கட்டின புருஷனோடு ஒருநாளாவது கத்தாமல் பேச வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் அவருக்குப் படகுப் பைத்தியம் பிடித்தது. அதற்குக் காரணம் அவருடன் வேலை செய்கிற கிரேன் ஆபரேட்டர். மேலே கூண்டில் அவர், கீழே ஜாடை காட்ட இவர். அந்த கிரேன்காரருக்குப் பெண் கொடுத்த வீடு பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு சின்ன மீனவக் குப்பம். எல்லோரும் இன்ஜின் படகுக்கு மாறிவிட்டதால் மாமனார் வீட்டுப் பழைய படகு ஒன்று சும்மா கவிழ்ந்து கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கே என் ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

ஓட்டையை அடைத்தார்கள். மூங்கிலை நட்டுப் பாய்மரம் என்றார்கள். பாய்க்குத் துணி தேடி அலைந்து, கடைசியில் யாரோ ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸைக் கொண்டுவந்து கட்டினார்கள். வெட்டித் தைத்ததில் அந்தப் பெண்ணின் படம் போய்விட்டது. வாழ்த்தும் தாய்மாமன்கள் மட்டும் வரிசையாக, கூலிங் கிளாஸோடு, தலைகீழாக மிஞ்சினார்கள். காற்று அடித்தால் மாமன்களுக்குத் தொப்பை வரும்.

திட்டிக்கொண்டேதான் கூடப் போனேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது, அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பிடித்துப்போயின. காலையில் பைக்கில் கிளம்பி, புதுவாயல் கூட்டுரோட்டில் நாஷ்டா. இட்லியும் வடகறியும் சூடாக வரும். என் வடகறி தீர்ந்தால் அவருடைய தட்டிலிருந்து எடுப்பேன், அவர் பார்க்காத மாதிரி இருப்பார். லாரி போகிற ரோட்டை விட்டு உள்ளே திரும்பியதும் நெல் வயல், அப்புறம் சவுக்கு, அப்புறம் உப்பு வாசனை. குப்பத்தில் கிரேன்காரரின் மாமியார் மடவை மீனோ இறாலோ ஏதோ ஒன்றைக் குழம்பு வைத்திருப்பார். ஆந்திரா பக்கத்துப் பேச்சு அவருக்கு. என் வீட்டுக்காரரை "ரா நைனா", அதாவது வாப்பா, என்றுதான் கூப்பிடுவார். ஞாயிறன்று அங்கே யாரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள். காலையில் மாதா கோயில், மத்தியானம் சாப்பாடு, அப்புறம் தூக்கம். ஒரு படகு இன்ஜின்கூட ஓடாது.

நான் படகில் மட்டும் ஏற மாட்டேன். தண்ணீர் என்றாலே எனக்குப் பயம். "இடுப்பளவு தண்ணி அண்ணி, உழுந்தா எழுந்து நின்னா போதும்" என்று கிரேன்காரர் எத்தனையோ தடவை சொன்னார். "நீ நில்லு தம்பி, நான் கரையிலயே குந்திக்கிறேன்" என்பேன்.

பொங்கல் முடிந்த ஒரு ஞாயிறு. ஏரியிலிருந்து கரையைப் பார்த்து நல்ல காற்று. படகு கரைக்கு இணையாக நீளவாக்கில் ஓடிக்கொண்டிருந்தது. கிரேன்காரர் கையில் பாயின் கயிறு. பாய் படகைக் கரைப்பக்கம் சாய்க்கும் என்பதால் என் வீட்டுக்காரர் எதிர்ப்பக்கத்து விளிம்பில் உட்கார்ந்து, முதுகை வெளியே சாய்த்து எடை கொடுத்துக்கொண்டிருந்தார். உண்மையிலேயே அழகாக இருந்தது. தாய்மாமன்கள் எல்லாம் தொப்பையோடு பறந்துகொண்டிருந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குழம்பும் இறக்கியாயிற்று. எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, வா வா என்று ஆட்டினேன்.

கிரேன்காரர் என்னைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் கயிற்றைக் கையிலிருந்து விட்டார்.

பாயில் காற்று செத்தது. இந்தப் பக்கம் இழுக்க ஒன்றும் இல்லை, அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரின் மொத்த எடை. படகு அப்படியே அவர் பக்கம் சாய்ந்து கவிழ்ந்தது. மாமன்கள் இரண்டு பேரையும் போர்வை மாதிரி மூடிக்கொண்டார்கள்.

"ஐயோ! மாதாவே! யாராச்சும் ஓடியாங்களேன்!" நான் போட்ட கூச்சலில் தூங்கிக்கொண்டிருந்த குப்பம் முழுக்க எழுந்து வந்துவிட்டது. தண்ணீரில் ஃப்ளெக்ஸ் மேலும் கீழும் எழும்பியது. பிறகு அதைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு இரண்டு ஆட்கள் எழுந்து நின்றார்கள். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.

"ஏன்யா கயித்த உட்ட?" என்று என் வீட்டுக்காரர் கத்துகிறார்.

"அண்ணி ஸ்டாப் குடுத்தாங்கண்ணா!"

"ஸ்டாப்பா? நானா?" என்றேன் நான் கரையிலிருந்து.

"ரெண்டு கையும் மேல தூக்கி ஆட்டுனா எமர்ஜென்சி ஸ்டாப்பு அண்ணி. யாரு காட்டுனாலும் நிறுத்தணும். தரை கூட்டுறவன் காட்டுனாலும் நிறுத்தணும், மொதலாளி காட்டுனாலும் நிறுத்தணும். யோசிக்கவே கூடாது. அதான் ரூல்ஸு."

"குழம்பு ரெடின்னு கூப்ட்டேன்டா பாவி!"

குப்பமே விழுந்து விழுந்து சிரித்தது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு உயிர் போய் உயிர் வந்ததில் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் கலந்து திட்டித் தீர்த்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் என் வீட்டுக்காரர் மறுபடியும் படகை நிமிர்த்தினார். கிரேன்காரர் சட்டை மாற்றிக்கொண்டு, இனி கரையை விட்டு அசைவதில்லை என்று கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துவிட்டார். "அண்ணி கரையில நின்னா நான் படகுல ஏற மாட்டேன். அவங்க கை சும்மா இருக்காது. அவங்கள உள்ளார குந்த வச்சுக்கினு நீயே போண்ணா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இடுப்பளவுதான் என்று கண்ணால் பார்த்துவிட்ட பிறகு எந்த மூஞ்சியோடு மாட்டேன் என்பது? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். ஏறும்போது மாதாவையும் கூப்பிட்டேன், எங்கள் குலதெய்வத்தையும் கூப்பிட்டேன்.

கோலை ஊன்றி ஊன்றிப் படகை வெகுதூரம் உள்ளே கொண்டுபோனார். நான் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஆட்டுவதற்குக் கை ஏது? பிறகு பாயை விரித்தார். இப்போது காற்று மெல்லிசாகிவிட்டிருந்தது. படகு சாயவில்லை, குலுங்கவில்லை, சும்மா நகர்ந்தது. தூரத்தில் செங்கால் நாரைகளா, பூநாரைகளா, வெள்ளையும் ரோஸுமாக ஒரு கூட்டம் தண்ணீரில் நின்றது. குப்பத்துச் சத்தம் நின்றுபோனது. லாரி இல்லை, ரயில் இல்லை, மிக்சி இல்லை, டிவி இல்லை. தண்ணீர் படகின் பலகையைத் தொடுகிற சத்தம் மட்டும்தான்.

கத்தினால் படகு கவிழ்ந்துவிடும் என்று எனக்குப் பயம். அதனால் குரல் தானாகவே தணிந்தது. "எவ்ளோ நல்லா இருக்குல்ல" என்றேன். வீட்டில் அந்தக் குரலுக்கு அவர் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்.

"ஆமா. சாயந்தரம் இன்னும் நல்லா இருக்கும்" என்றார் அவர், சுக்கானைப் பார்த்துக்கொண்டே.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. உதட்டைப் படித்திருக்க முடியாது.

சோதித்துப் பார்க்க வேண்டுமென்று தோன்றியது. அதே குரலில், "அன்னிக்கு ரயில்ல ஒரு கொழந்த என் மூக்குத்தியப் புடிச்சு இழுத்துச்சு" என்றேன்.

"குடுத்திருக்கலாமே. ஒனக்கு வேற வாங்கிக் குடுத்திருப்பேன்."

நான் முகத்தை நாரைகள் பக்கம் திருப்பிக்கொண்டேன். திருப்பாவிட்டால் அழுதிருப்பேன். அவரும் அப்போதுதான் கவனித்தார் போல. சுக்கானிலிருந்து திரும்பி என்னையே பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இன்னாப்பா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. ஒன் கொரலு இப்டித்தான் இருக்கும், இல்ல? மறந்தே பூட்டேன். கத்துற கொரலு மட்டும்தான் மனசுல இருக்குது." கொஞ்ச நேரம் பாயின் கயிற்றை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். "பொண்ணு பாக்க வந்தன்னிக்கு உள்ள யார் கிட்டயோ பேசினு இருந்த. மூஞ்சியப் பாக்கறதுக்கு முன்னாடி அதத்தான் கேட்டேன்."

இத்தனை வருஷத்தில் இதை அவர் சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்? இதைக் கத்தியா சொல்ல முடியும்?

கண்ணைத் துடைப்பதற்காகவே விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்தேன்.

அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்த மிஷினு வச்சா ஊட்லயும் இப்டிக் கேக்குமா?"

"தெரியல. போய்க் கேட்டுப் பாக்கலாம்."

"பொண்ணு போன்ல பேசறது?"

"அதையும் கேப்போம்."

தலையை ஆட்டினார். பிறகு படகைக் கரைப்பக்கம் திருப்பப் போனவர், திருப்பாமல் நிறுத்திக்கொண்டார். "இன்னும் எதுனா சொல்லு" என்றார்.

சூப்பர்வைசரின் புதுக் கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன். மகள் போன வாரம் போனில் சொன்னது, அதற்கு முந்தின வாரம் சொன்னது, அவள் இவரைப் பற்றி விசாரித்தது எல்லாவற்றையும் சொன்னேன். தக்காளி அழுகியதைச் சொன்னேன். கரை வந்து சேரும்வரை பேசினேன், ஒரு வார்த்தைகூடக் கத்தாமல்.