சங்காடக்காரரின் மூக்கு

எழுபதுகளில், வேளிக் காயலைக் கடக்க இரண்டு வள்ளங்களைச் சேர்த்துப் பலகை அடித்த சங்காடம் ஒன்று இருந்தது. மீன் கூடைகளில் வடியும் தண்ணீர், வேலைக்குப் போகும் எங்கள் வேட்டிகளை நாறடித்தது. மீன்காரிகளை ஏற்றக் கூடாது என்று பதினேழு பேர் மனு எழுதினோம்; ஐந்தாவது கையெழுத்து என்னுடையது. ஏற்றாவிட்டால் அவர்கள் சந்தைக்கு ஆறு மைல் சுற்றி நடக்க வேண்டும்.

மனுவைப் படித்த சங்காடக்காரர், நெட்டையான நாகர்கோவில்காரர், மறுவாரமே ஒரு பழைய பம்பைப் பொருத்தினார். அது காயல் தண்ணீரை உறிஞ்சி, ரப்பர் குழாய் வழியாகப் பலகையில் பீய்ச்சியது. முதல் நாள் குழாய் கைநழுவி எங்களையும் நனைத்தது.

"சாருக்குக் குளி கழிஞ்சு!" என்று ஒரு மீன்காரி சிரித்தாள். குளித்து முடித்தாயிற்றாம்; நானும் சிரித்துவிட்டேன்.

ஒவ்வொரு முறை கழுவியதும் அவர் குப்புறப் படுத்து, மூன்று இடங்களில் பலகையை முகர்ந்து, "சுத்தம்! ஏறிக்கிடுங்க" என்பார். ஏறுவோம். மனுவை எல்லோரும் மறந்தார்கள்.

ஒருநாள் தனியாக இருக்கையில், "எனக்கு இப்பவும் லேசா மீன் மணக்குதே" என்றேன்.

"இருக்கும் சாரே. எனக்க மூக்குக்கு ஒரு மணமும் கிட்டாது. சின்னதிலேயே போச்சு."

"பின்னே எதுக்கு மோந்து பாக்கிறீர்?"

"நான் மோந்தா நீங்க மோக்க மாட்டீங்கல்லா?"

மறுநாள் அவர் முகர்ந்து எழுந்ததும் முதலில் ஏறியவன் நான்தான். அக்கரை சேர்வதற்குள் பதினோரு முறை ஆழ்ந்து மூச்சிழுத்தேன். மீன் மணம் இல்லவே இல்லை. எப்படி என்று இன்னும் விளங்கவில்லை.