ஐஸ் கீறிய பலகை

நோர்வேயிலிருந்து அக்கா அனுப்பிய படத்தில் ஒரு கரும்பாறை. அதில் நீள நீளமாகக் கீறல்கள். எனக்கு உடனே அப்பாவின் மீன் வாடிக் கொட்டில் மணந்தது.

முல்லைத்தீவுக் கடற்கரையில் லொறியிலிருந்து ஐஸ் கட்டிகளைப் பலகையில் சறுக்கி இறக்குவார்கள். நானும் அக்காவும் ஒன்றை மணலில் வைத்து நக்கிவிட்டு, திரும்பப் பலகையில் இழுப்போம்.

"மண்ணோட இழுக்காதேங்கோ பிள்ளையள், பலகையில கீறல் விழும்!" என்று அப்பா கத்துவார்.

பாறையில் கீறல் எப்படி வந்தது என்று கேட்க அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"பனிக்கு மேல பனி விழுந்து, ஐஸாய் இறுகி, தன்ர பாரத்தில மெல்ல மெல்ல நகருமடா. அடியில ஒட்டின கல்லுகள் பாறையைக் கீறினதுதான்."

"அந்த ஐஸ் எங்க?"

"உருகி உருகிப் பின்வாங்கி, இப்ப மலைக்கு மேலதான் மிச்சம் கிடக்கு." பிறகு, "அப்பான்ர பலகை கிடக்கோ?" என்று கேட்டாள்.

"ஓம், முற்றத்தில குந்தி இருக்க வாங்காய்ப் போட்டிருக்கிறன்," என்றேன். "இப்ப அதில நான் மட்டும்தான் இருக்கிறன்."