ஐந்தாம் பெட்டியில் கேட்ட சிரிப்பு

காட்டோர ஆய்வு நிலையத்தில் எல்லோருக்கும் அவள் பெட்டியக்காதான். மரங்களில் கட்டியிருக்கும் ஒலிப்பதிவுப் பெட்டிகளுக்கு பேட்டரி மாற்றுவதும், உள்ளே குடியேறிய எறும்புகளைக் காலி செய்வதும், பதிவான சத்தங்களைக் கொண்டுவந்து கொடுப்பதும் அவள் வேலை. கணினியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவு அதையெல்லாம் கேட்டு, இது ஆந்தை, இது வௌவால் என்று பிரித்துச் சொல்லும். எந்த உயிரினம் பெருகுகிறது, எது குறைகிறது என்பது அப்படித்தான் தெரியவரும்.

பெட்டிகளுக்குப் பக்கத்தில் வாய் திறக்கக் கூடாது என்பது நிலையத்தின் சட்டம். பெட்டியக்காவுக்கோ வாயை மூடினால் மூச்சு முட்டும். போதாததற்கு, காட்டுக்குள் ஐந்தாம் பெட்டி இருந்த இடத்தில் மட்டும் போனுக்கு சிக்னல் கிடைத்தது. அங்கே நின்று தங்கையிடம் மாமியார் கதை கேட்பாள். கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பாள். மேலே ஏறி, நடுவில் ஒரு விக்கலில் நின்று, கடகடவென்று இறங்கும் சிரிப்பு அது.

ஒருநாள் கணினி, ஐந்தாம் பெட்டியில் இனம் தெரியாத பறவை ஒன்று கூவுவதாக அறிவித்தது. நிலையத்தின் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. ஹெட்போனை வாங்கிக் கேட்ட பெட்டியக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"சார், அது பறவை இல்ல. நான்தான்."

"நீங்களா?"

"தங்கச்சி மாமியார், பூனைக்குட்டின்னு நெனச்சு கம்பளித் தொப்பிக்குப் பால் வச்சாங்களாம். சிரிப்ப அடக்க முடியல சார்."

தலைவர் ஹெட்போனைத் திரும்ப வாங்கி வைத்தார். பிறகு, அந்தச் சத்தம் வந்தால் 'பெட்டியக்கா' என்று குறித்து ஒதுக்கிவிடும்படி கணினிக்குக் கற்றுக்கொடுத்தார். போனுக்கும் தடை விழுந்தது.

அடுத்த மாதம் வீடு மாற்ற லீவு போட்டுவிட்டுத் திரும்பியவளைத் தலைவர் முறைத்தார்.

"லீவுல காட்டுக்கு எதுக்குங்க போனீங்க? அஞ்சாம் பெட்டியில கம்ப்யூட்டர் உங்க பேரக் குறிச்சிருக்கு, விடியக்காலையில அப்படிச் சிரிச்சிருக்கீங்க."

"நான் பீரோவ மாடிக்கு ஏத்திக்கிட்டு இருந்தேன் சார். அதுல சிரிக்க என்ன இருக்கு?"

இருவரும் கிளம்பி ஐந்தாம் பெட்டிக்குப் போய்ப் பார்த்தார்கள். கிளையில் ஒரு கரிய சின்னப் பறவை. முதலில் அது அவள் போன் மணி மாதிரியே கூவியது. பிறகு, விக்கல் பிசகாமல் அவள் சிரிப்பைச் சிரித்தது.

"நான் இவ்வளவு கண்றாவியாவா சார் சிரிக்கிறேன்?"

"அது கொஞ்சம் அடக்கமா சிரிக்குதுங்க," என்றார் தலைவர்.

பாவம், அந்தப் பறவையை அத்தனை நாளும் அவள் பேரில் ஒதுக்கியிருந்தது கணினி. இரண்டையும் பிரித்தறிய, அவளுடைய அசல் சிரிப்பு நிறைய வேண்டியிருந்தது. மைக் முன்னால் உட்கார வைத்தால் சிரிப்பு வருமா? தலைவர் ஒரு ஜோக் சொன்னார். அறையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தங்கைக்குப் போன் போட்டால், மாமியார் பக்கத்திலேயே இருப்பதாகக் கிசுகிசுத்தாள்.

கடைசியில் அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்த கணவரைப் பிடித்தார்கள். தன் குரலில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. தொண்டையைக் கனைத்து, கண்ணை மூடி, உருகி உருகி ஒரு காதல் பாட்டை எடுத்துவிட்டார். இரண்டாம் வரியிலேயே பெட்டியக்கா நாற்காலியை விட்டுத் தரையில் கிடந்தாள்.

"போதுங்க, நெறையவே கெடச்சிருச்சு," என்றார் தலைவர்.

"இன்னும் சரணமே வரலயே சார்."

அதன்பின் பறவை வேறு, அவள் வேறு என்று கணினி தெளிந்துவிட்டது. கூடவே பதிவான கணவரின் பாட்டைத்தான், 'ஆண் தவளை, துணை தேடுகிறது' என்று எழுதி வைத்தது. அதைத் திருத்த வேண்டாம் என்று பெட்டியக்கா கேட்டுக்கொண்டாள்.