சிக்கிக்கொண்ட அதிர்வு

பெரம்பலூர் டவுனில் வாடகை வீடு, குரும்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் பாடம், மிச்ச நேரமெல்லாம் தாளும் பேனாவும். வெற்றிச்செல்வியின் வாழ்க்கை பல வருடம் அப்படித்தான் ஓடியது. செந்துறையைத் தாண்டி ஒரு கிராமத்தில், ஊரார் காட்டில் பருத்தி எடுத்து மகளைப் படிக்கவைத்தவள் அவள் அம்மா வீரம்மாள். மகள் செய்தது கோட்பாட்டு இயற்பியல். அதற்குச் சோதனைக்கூடமோ கருவியோ தேவைப்படவில்லை.

நல்ல பாறையில் அதிர்வு ஓடி மறைந்துவிடும். விரிசலும் பொந்துமான பாறையிலோ, போகிற பக்கமெல்லாம் திருப்பி அடிக்கப்பட்டு ஓரிடத்திலேயே மாட்டிக்கொள்ளும். வழி தெரியாமல் அங்கேயே நெடுநேரம் துடிக்கும். அவளுடைய சமன்பாடு அப்படித்தான் சொன்னது. அதற்கு முன் யாரும் அந்த வழியில் கணக்குப் போட்டதில்லை. அனுப்பிய இடத்திலிருந்தெல்லாம் கட்டுரை திரும்பி வந்தது. கணக்கு சரி, உலகத்தில் இப்படி ஒன்று உண்டா என்று திருப்பி அனுப்பியவர்களில் ஒருவர் கேட்டிருந்தார். அவளுக்கும் தெரியவில்லை.

ஒரு மாசி மாதம் வீரம்மாள் போன் செய்தாள்.

"ஏ செல்வி, நம்ம தெருவு கெணறு முனகுது. மருதாயி குரலுன்னு சொல்றாங்க. ஒருத்தரும் அந்தப் பக்கம் போறதில்ல."

மருதாயி தெருக்கோடி வீட்டுப் பெரியம்மா. களை எடுக்கும்போதுகூட வாய்க்குள் எதையாவது முனகிக்கொண்டே இருப்பாள். முந்தின வருடம் அந்தக் கிணற்றில்தான் தவறி விழுந்து இறந்தாள்.

வெற்றிச்செல்வி ஊருக்குப் போனாள். உச்சி வெயில். கிணற்றில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. கைப்பிடிச் சுவரில் காதை வைத்தபோது ஒன்றும் கேட்கவில்லை. தூரத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். தரை லேசாக அதிர்ந்து அடங்கியது. வெகுநேரம் கழித்து, எல்லாம் ஓய்ந்த பிறகு, கீழேயிருந்து அது வந்தது. மூடிய வாய்க்குள் ஒரு பெண் ராகம் இழுப்பதுபோல. தாளில் மட்டுமே பார்த்திருந்த ஒன்று பக்கத்தில் மூச்சு விடுவதுபோல் இருந்தது.

கிணற்றின் மறுபக்கம் மருதாயியின் கணவர் செல்லக்கண்ணு உட்கார்ந்திருந்தார்.

"கேட்டியா பாப்பா? தெனமும் வரா."

அவள் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். போனில் பதிவு செய்துகொண்டாள். சனிக்கிழமைதோறும் வந்து பதிவு செய்தாள். மாதம் போகப்போகக் குரல் சுருதி இறங்கிக் கனத்துக்கொண்டே போனது. கணக்குப் போட்டுப் பார்த்தாள். பானை பெரிதானால் ஓசை கனப்பதுபோலத்தான், அதிர்வு மாட்டியிருந்த பொந்து பெரிதாகிக்கொண்டிருந்தது. மண்ணுக்கடியில் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். பொந்து இருந்தது கிணற்றுக்கு அடியில் இல்லை. செல்லக்கண்ணு படுத்து உறங்கும் வீட்டுக்கு அடியில்.

"பெரியப்பா, வூட்டக் காலி பண்ணிடுங்க. கீழ மண்ணு இல்ல."

"அவ குரலு கேக்குற எடத்த வுட்டுட்டு எங்க போறது?"

அது குரல் இல்லை, பாறை என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்தபின் வேறு மாதிரி சொன்னாள்.

"பெரியம்மாவே சொல்றதா வச்சுக்கங்க. போங்கன்னுதான் சொல்றாங்க. கொரலு கனத்துக்கிட்டே வருது, நீங்களே கேக்குறீங்கள்ல."

மறுநாள் அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு செந்துறையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஐப்பசி மழையில், காலையில், ஊரே பார்க்கச் செல்லக்கண்ணு விட்டுப்போன வீடு மண்ணுக்குள் போனது. பெரிய சத்தம்கூட இல்லை. ஓட்டுக்கூரை மெல்லத் தாழ்ந்து, சேறு அதன்மேல் மூடிக்கொண்டது. அன்றோடு கிணறும் ஓய்ந்தது.

பதிவுகளையும் சேர்த்து அனுப்பியபிறகு கட்டுரை வெளிவந்தது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் அவளைக் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். கல்லூரியில் சால்வை போர்த்தினார்கள். வீரம்மாள் அதை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

ஆனால் வெற்றிச்செல்வியிடம் விளங்காத ஒரு பதிவு மிச்சம் இருந்தது. எல்லாப் பதிவுக்கும் முன்னால் ஒரு வெடி உண்டு. இது மட்டும் ஊரில் தங்கிவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவானது, அன்று சுரங்கத்துக்கு விடுமுறை. விசாரித்தாள், அன்று எங்கேயும் வெடி வைக்கவில்லை. முந்தின நாள் அதிர்வு அதுவரை நிற்காது. உள்ளே சிக்க அதிர்வே இல்லாதபோது முனகியது எது? காரணம் தெரியவில்லை என்று கட்டுரையின் கடைசியில் எழுதியிருந்தாள். இரண்டு வருடமாக அதற்குத் தாள் தாளாகக் கணக்குப் போட்டும் ஒன்றும் அமையவில்லை.

போன தையில் செல்லக்கண்ணுவைப் பார்க்கப் போனாள். குரலைக் கேட்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். ஒவ்வொன்றாகப் போட்டாள். கண்ணை மூடித் தலையசைத்துக்கொண்டே கேட்டார். நடுவில், எது என்று சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமைப் பதிவைப் போட்டாள்.

அவர் கண்ணைத் திறந்தார். கை நீட்டி போனைத் தள்ளிவைத்தார்.

"இத நிறுத்து பாப்பா. மத்ததெல்லாம் அவதான். இது அவ இல்ல."

"பின்ன யாரு பெரியப்பா?"

"தெரியல. ஆனா நாம கேக்குறோம்னு அதுக்குத் தெரியுது."