மகளின் பின்னால் படம் பார்க்கப் போனேன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று பத்துக்கு என் நிம்மதி போனது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இல்ஃபோர்டில், எங்கள் வீட்டு ஹோலில், இருபத்துமூன்று வயது மகள் கொண்டை போட்டு, கழுத்தில் நீலத் துணி கட்டிக் கண்ணாடி முன் நின்றாள்.

"எங்க பிள்ளை, இந்தக் கோலத்தில?"

"படத்துக்கம்மா. அங்க எல்லாரும் இப்பிடித்தான் வருவினம்."

விமானத்தில் போவது கல்யாண வீட்டுக்குப் போவது மாதிரி இருந்த அறுபதுகளின் காதல் நகைச்சுவைப் படங்கள். விமானப் பணிப்பெண்கள்தான் நாயகிகள். பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் போடுகிறார்களாம். தமிழ்ப் படத்தையே முடியும்வரை பார்க்காதவளுக்கு இதில் என்ன இருக்கிறது? வெளியே போன பிள்ளைகள் திரும்பி வராத காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள் நான். அடுத்த பஸ்ஸில் பின்னால் போனேன்.

மண்டபம் இருட்டு. திரையில் ஒரு பணிப்பெண் விமானியின் மடியில் கோப்பியைக் கொட்டிவிட்டு நிமிர்ந்து நடந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் மகளின் கொண்டையைத் தேடினேன். நான்கு வரிசை முன்னால், ஒரு தமிழ் இளைஞனின் தோளில் சாய்ந்திருந்தது.

பக்கத்து இருக்கையில் என் வயதுத் தமிழ்ப் பெண்மணி ஒருவர். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. படத்தை விட்டுவிட்டு அவரும் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் கதை கொண்டுபோகிற ஆள் என்று முடிவு செய்தேன்.

"அந்த நீலத் துணிப் பிள்ளை உங்கட மகளோ?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லை. ஆரெண்டே தெரியாது."

"அப்ப சொல்லலாம். பக்கத்தில இருக்கிறவன் என்ர மகன். அவள் ஆரெண்டு பாக்கத்தான் வந்தனான். வீட்டில கேக்க ஆளில்லாத பிள்ளை போல கிடக்கு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் எந்த வாயால் சண்டை பிடிப்பது? ஊர் வாய்க்குப் பயந்து, பெற்ற பிள்ளையைத் தெரியாது என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

இடைவேளைக்கு விளக்கைப் போட்டார்கள். தாயைக் கண்டுவிட்ட மகன் பதறி எழுந்து வந்தான். அவனுக்குப் பின்னால் என் மகள்.

"இவவும் தனியத்தான் வந்திருக்கிறா," என்று அந்தப் பெண்மணி என்னைக் காட்டினார். "பிள்ளை, உம்மை ஆரெண்டு கேட்டனான். தெரியாதாம்."

மகள் என்னையே பார்த்தாள். பிறகு என் அருகில் வந்து அமர்ந்தாள்.

"எனக்கு இவவைத் தெரியும் அன்ரி. என்ர அம்மா."